அண்ணாந்து பார்க்கிற கண்ணாடி

கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லா இடத்திலும் கேட்பது, "என்ன செய்யுது கண்ணு?" என்றுதான். எங்கள் கடையில் கண் பரிசோதித்த அக்கா மட்டும் அப்படிக் கேட்கவே மாட்டார். வந்தவரை ஸ்டூலில் உட்கார வைப்பார். எதிரே தானும் உட்கார்ந்து, முழங்கை இரண்டையும் மேஜையில் ஊன்றிக்கொண்டு, "உங்களுக்கு என்னத்தப் பாக்கணும்?" என்பார்.

வந்த மனிதர் முழிப்பார். பின்னே, முழிக்காமல் என்ன செய்வார்? கண் மங்குகிறது என்று வந்தவரிடம் கேட்கிற கேள்வியா இது? "எல்லாத்தையும்தான் பாக்கணும்" என்று பாதிப் பேர் சொல்வார்கள். "எல்லாத்தையும் பாக்குறதுக்கு உங்களுக்கு என்ன இருபது வயசாண்ணே? ஏதாச்சும் ஒண்ணச் சொல்லுங்க. ரெண்டுன்னாலும் பரவாயில்ல" என்பார் அக்கா. அந்த ஒன்றைச் சொல்கிற வரைக்கும் பெட்டியிலிருந்து லென்ஸை எடுக்கவே மாட்டார்.

கடை சிம்மக்கல்லில் இருந்தது. முன்பக்கம் அக்கா, பின்பக்கம் லென்ஸ் வெட்டுகிற மிஷினோடு நான். நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. அந்தத் தடுப்பு சும்மா பேருக்குத்தான். அக்கா பேசுவது எல்லாம் எனக்குக் கேட்கும், நான் முணுமுணுப்பது எல்லாம் அக்காவுக்குக் கேட்கும். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். இப்போது ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். பெயரைப் போட்டேன் என்று தெரிந்தால் போன் போட்டு, "யாரக் கேட்டுடா எழுதுன?" என்று ஆரம்பித்துவிடுவார். ஆரம்பித்தால் முடிக்கத் தெரியாத மனுஷி அவர்.

கேள்வி கேட்பதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. செய்கிற வேலையைக் கையோடு கொண்டுவரச் சொல்வார். சோழவந்தானிலிருந்து ஓர் அம்மா வந்தார், கொடிக்காலில் வெற்றிலை தரம் பிரிக்கிறவர். "புள்ளி விழுந்த வெத்தல கண்ணுக்குத் தப்பிப் போயிருது" என்றார். அக்கா அவரை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். "நாளைக்கு வெத்தலக் கட்டோட வாங்க." மறுநாள் அந்த அம்மா வந்து கடைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை பிரித்தார். அக்கா எதிரே குத்தவைத்து, இடுப்பில் செருகியிருந்த இஞ்ச் டேப்பை உருவி, அந்த அம்மாவின் கண்ணுக்கும் இலைக்கும் உள்ள தூரத்தை அளந்தார். பஸ் கண்டக்டர் டிக்கெட் மிஷினோடு வந்தார். தையல்காரர் பாதி தைத்த ஜாக்கெட்டோடு வந்தார். பஞ்சர் ஒட்டுகிறவர் சைக்கிள் டியூபைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு வந்தார். முதலாளி தலையில் கை வைத்துக்கொள்வார். "மாப்ள, இது கண்ணாடிக் கடையா, கண்காட்சித் திடலாடா?" என்று என்னிடம் வந்துதான் புலம்புவார். அக்காவிடம் சொல்கிற தைரியம் அவருக்குக் கிடையாது, எனக்கும் கிடையாது.

ஒரு முடிவெட்டுகிறவர் வந்தபோது அக்கா அவரிடம் கேட்டார், "முடியப் பாத்து வெட்டுவீகளா, கண்ணாடியில பாத்து வெட்டுவீகளா?" அவர் யோசித்துவிட்டு, "முன்முடிய கண்ணாடியில பாத்துத்தான் சரி பண்ணுவேன்" என்றார். "அப்ப ரெண்டு தூரம் இருக்குல்ல. கண்ணாடி சொவத்துலதான் தொங்குது, ஆனா அதுக்குள்ள தெரியுற தலை சொவத்துக்கு அங்குட்டு அம்புட்டுத் தூரத்துல நிக்குது. ஒங்க கண்ணு அம்புட்டுத் தூரம் போயிட்டுத் திரும்பணும்." அவர் வாயைப் பிளந்தார். இந்தப் பக்கம் நானும் பிளந்தேன். இத்தனை வருஷம் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவுகிறேன், இப்படி ஒருநாள் யோசித்ததில்லை.

கடைக்கு வெளியிலும் அக்கா சும்மா இருக்க மாட்டார். டவுன் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆளிடம், "அண்ணே, கண்ணாடி மூக்குல எறங்கிக் கெடக்கு பாருங்க, மேல ஏத்திவிடுங்க. நடு இடம் கண்ணுக்கு நேரா இருந்தாத்தான் தெரியும்" என்பார். அந்த ஆள் முறைத்துக்கொண்டே ஏற்றிவிடுவார். ஏற்றியதும் முறைப்புக் குறைந்து ஜன்னல் வழியே ஒரு தடவை வெளியே பார்ப்பார். நான் அக்காவைத் தெரியாதவன் மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். எனக்குப் பெண் பார்க்கப் போகிற அன்றும் அரைநாள் லீவு கேட்டு நின்றவனிடம், "போயி என்னத்தடா பாக்கப் போற?" என்று அதே கேள்வியைத்தான் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இது என் பெண்டாட்டிக்கு இன்றுவரை தெரியாது.

பரவை மார்க்கெட்டில் தக்காளி ஏலம் விடுகிற ஒருவர் ஒருநாள் சண்டைக்கே வந்துவிட்டார். "என்ன கண்ணாடி குடுத்திருக்கீக? இதப் போட்டா கிட்டக்கத் தெரியுது, தூரத்துல இருக்கிறவன் மொகம் கலங்குது. கழட்டுனா மொகம் தெரியுது, சீட்டு தெரியல. ஏமாத்துறீகளா?" என்று கடை அதிரக் கத்தினார். அக்கா எழுந்தார். அவர் கையைப் பிடித்துப் பரிசோதனை அறைக்குள் இழுத்துப் போனார். நானும் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன்.

அது கடையை ஒட்டிய நீளமான அறை, விளக்கை அணைத்தால் உள்பக்கம் இருட்டு. ஒரு முனையில் தெருவைப் பார்த்த கம்பிக் கதவு, மறு முனையில் வெள்ளைச் சுவர். அக்கா பெட்டியிலிருந்து நடு தடித்த ஒரு பிளஸ் லென்ஸை எடுத்துச் சுவருக்கு முன்னால் பிடித்தார். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே நகர்த்தினார். சட்டென்று சுவரில் ஒரு கையகலத்துக்கு எங்கள் தெரு வந்து உட்கார்ந்தது. கலரோடு, அசைவோடு, ஆனால் தலைகீழாக. ஆட்டோக்கள் கூரையால் ஓடின. ஒரு பெண் குடையைக் கீழே பிடித்துக்கொண்டு தொங்கியபடி நடந்து போனார்.

"யாத்தே!" என்றார் ஏலக்காரர். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஒங்க கண்ணுக்குள்ளயும் இப்படித்தாண்ணே விழுகுது. உள்ள ஒரு லென்ஸு, பின்னால ஒரு தெரை. வெளியில இருந்து வார வெளிச்சத்த லென்ஸு வளச்சு, தெரையில ஒரு எடத்துல கொண்டாந்து சேக்குது. தலகீழாத்தான் விழும். மூளைதான் நிமித்தி வச்சுக்கிருது."

"அப்ப எம் பொண்டாட்டியும் உள்ள தலகீழாத்தான் நிக்கிறாளா?"

"அத வீட்ல போயி அவுககிட்டயே கேளுங்க. இப்ப இதப் பாருங்க." அக்கா லென்ஸைச் சுவரை விட்டு இம்மி பின்னால் இழுத்தார். தெரு கரைந்து போனது. அதே இடத்தில் கதவுக் கம்பி கோடு கோடாகத் தெளிவாக வந்தது. திரும்ப முன்னால் தள்ளினார். கம்பி கலங்கியது, தெரு வந்தது. "ரெண்டையும் ஒண்ணாத் தெளிவாக் காட்டுங்க, பாப்போம்" என்று லென்ஸை அவர் கையில் கொடுத்தார்.

அந்த மனிதர் விடவில்லை. நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு முன்னே தள்ளினார், பின்னே இழுத்தார், சாய்த்தார். கம்பி வந்தால் தெரு போகும், தெரு வந்தால் கம்பி போகும். கடைசியில் லென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்.

"லென்ஸுக்கு ஒரு தூரந்தாண்ணே தெரியும்" என்றார் அக்கா. "கண்ணுக்குள்ள தெரைய நகத்த முடியாது, லென்ஸையும் முன்னப் பின்னத் தள்ள முடியாது. அதனால உள்ள இருக்கிற லென்ஸு தானே உப்பிக்கிரும், தானே மெலிஞ்சுக்கிரும். கிட்டப் பாக்க உப்பும், தூரம் பாக்க மெலியும். சின்ன வயசுல அது பணியார மாவு மாதிரி, சொன்னபடி கேக்கும். நாப்பதுக்கு மேல வெந்த பணியாரமாயிரும். அது உப்பாத கொறைய நாங்க வெளியில வக்கிற கண்ணாடி தீத்து வைக்குது. அம்புட்டுத்தான். ஒங்க கண்ணுல ஒரு நோயும் இல்ல. மொதல்ல வந்தப்ப சீட்ட மட்டுந்தான் சொன்னீக, இன்னொரு தூரத்தச் சொல்லல." அன்றைக்கு அந்த மனிதர் ஏலச் சீட்டு, எதிரே நிற்கிற கூட்டம், இரண்டு தூரத்தையும் சொன்னார். மேல்பாதி தூரத்துக்கும், கீழே பிறை மாதிரி ஒரு சின்ன ஜன்னல் கிட்டத்துக்குமாக ஒரு பைபோக்கல் போட்டுக்கொண்டு போனார். அடுத்த வாரம் ஒரு பை தக்காளி வந்து இறங்கியது. நான் பாதியை எடுத்துக்கொண்டேன்.

இப்படிப்பட்ட அக்கா ஒரே ஒரு தடவை ஏமாந்தார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

கடைக்குப் பின்னால் வைகைப் பக்கம் போகிற சந்தில் ஓர் அம்மன் கோயில் உண்டு. சின்னக் கோயில்தான், ஆனால் எங்கள் பகுதிக்கே அதுதான் தாய் வீடு. பூசாரிக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து இருக்கும். அப்பாவுக்குப் பின் இவர் என்று வழிவழியாக வருகிற பூசை. வாலிப வயதிலிருந்து அவர்தான் அம்மனுக்கு அலங்காரம் செய்கிறவர். அவர் கைக்கு ஒரு பேர் இருந்தது. சந்தனக் காப்புப் போட்டாரென்றால் வேறு தெருக்களிலிருந்தெல்லாம் பார்க்க வருவார்கள்.

ஆடி பிறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவர் கடைக்கு வந்தார். அக்கா வழக்கம்போல, "என்னத்தப் பாக்கணும் பூசாரிண்ணே?" என்று கேட்டார். அவர் மேல்துண்டை நீவிவிட்டுக்கொண்டார். பிறகு, "பேப்பர்தான் தாயி. எழுத்து கலங்குது" என்றார். அக்கா பேப்பரைக் கொடுத்தார். பரிசோதனைக்கு மாட்டிவிடுகிற டிரையல் பிரேமில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டார். பூசாரி தலைப்பிலிருந்து வரி விளம்பரம் வரை வாசித்தார். அவருக்குத் தூரத்துக்கும் பிளஸ், கிட்டத்துக்கு இன்னும் கூடுதல் பிளஸ். நல்ல பைபோக்கலாக நானே வெட்டிக் கொடுத்தேன். கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஆடி முதல் வெள்ளி சந்தனக் காப்பு. அம்மனின் முகம் முழுக்கச் சந்தனம் அப்பியபின், கண் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளியில் செய்த கண்மலர் இரண்டையும் மெழுகு வைத்துப் பதிப்பார்கள். அப்போதுதான் அம்மன் நம்மைப் பார்ப்பாள். அன்றைக்குத் திரை விலகியபோது இடது கண் கோணியிருந்தது. வெளிமுனை கீழே இறங்கி, கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டம் முன்னால் நெருக்கியது. அதற்குள் யாரோ போட்டோ எடுத்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் சிம்மக்கல் முழுக்க எல்லார் போனிலும் அந்தப் படம் வந்துவிட்டது. ஆத்தா கோவத்துல இருக்கா, ஆத்தா ஓரக்கண்ணால பாக்குறா, ஊருக்கு ஆகாது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்கும் வந்தது. பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன், பொய் சொல்வானேன்.

அடுத்த வெள்ளியும் அப்படித்தான். இந்தத் தடவை ஒரு கண் மற்றதைவிட மேலே ஏறியிருந்தது. கோயில் கமிட்டிக்காரர்கள் பூசாரியைக் கூப்பிட்டு, "வார வெள்ளி ஒரு தடவ பாப்போம். சரிப்படலேன்னா ஒங்க தம்பி மகன் அலங்காரம் பண்ணட்டும். நீங்க வெளிய ஒக்காந்து திருநீறு குடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். மரியாதையாகச் சொன்னால் வலிக்காதா என்ன?

மறுநாள் கடை திறந்ததும் பூசாரி வந்து நின்றார். கண்ணாடி உறையோடு கையில் இருந்தது. "இது எனக்கு ஒத்துக்கல தாயி" என்றார்.

அக்கா திரும்பவும் பரிசோதித்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "பேப்பர் தெரியுதாண்ணே?"

"தெரியுது."

"பெறகு?"

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பேப்பரு நான் எதுக்குத் தாயி பாக்கணும்? டீக்கடையில எவனாச்சும் சத்தமாப் படிப்பான், கேட்டுக்கிருவேன்."

அக்கா முழங்கையை மேஜையில் ஊன்றினார். குரல் இறங்கிவிட்டது. "அப்ப உங்களுக்கு என்னத்தப் பாக்கணும்?"

"ஆத்தா மொகம் தெரியல தாயி" என்றார் அவர்.  "ரொம்ப நாளாவே தெரியல. கை ஞாபகத்துலயே பண்ணிக்கிட்டு இருந்தேன். இப்பக் கையும் தப்புது. பூசாரிக்கே சாமி தெரியலேன்னு ஒரு கடையில வந்து எப்படிச் சொல்லுவேன், நீயே சொல்லு."

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் மிஷினை நிறுத்திவிட்டேன். அந்த நேரத்தில் அது கொர் என்று ஓடுவது எனக்கே பொறுக்கவில்லை.

அவர் போனபின் அக்கா தன்னைத்தானே திட்டிக்கொண்டார். "கேட்டேன், சொன்னாரு, நம்பிட்டேன். கோயில் பூசாரி பேப்பர் படிக்கவா கண்ணாடி போட வருவாரு? கூறு கெட்டவ நான், கூறு கெட்டவ." மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. அக்காவின் எலுமிச்சைச் சாதத்தில் எனக்கு எப்போதும் ஒரு பங்கு உண்டு, ஆகவே நானும் பட்டினி. "விடுக்கா, மனுஷன் மனசத் தெறந்து சொன்னாத்தானே" என்றேன். "சொல்ல வைக்கிறதுதானடா என் வேலை" என்றார்.

அடுத்த நாள் காலை அபிஷேக நேரத்துக்கு அக்கா கோயிலுக்குக் கிளம்பினார், என்னையும் இழுத்துக்கொண்டு. கருவறை வாசலில், நடைக்கு இந்தப் பக்கம் நின்றோம். உள்ளே ஆள் ஒருவர் திரும்பினால் முழங்கை சுவரில் இடிக்கும். பீடம் உயரம். அம்மனின் முகம் பூசாரியின் தலைக்கும் ஒரு சாண் மேலே இருந்தது. "கண்மலர் வைக்கிற மாதிரி ஒருக்கா வைங்கண்ணே, பாப்போம்" என்றார் அக்கா.

பூசாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அண்ணாந்தார். நாங்கள் வெட்டிக் கொடுத்த கிட்டத்து ஜன்னல் கண்ணாடியின் கீழ்ப்பக்கம் இருக்கிறது. அந்த முகமோ மேலே இருக்கிறது. ஜன்னல் வழியே பார்க்க வேண்டுமென்றால் தாடையை மேலே மேலே தூக்க வேண்டும். தூக்கினார். பிடரி முதுகில் போய் இடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது, தூக்கிய கை தடுமாறியது. முடியாமல் தலையைக் கொஞ்சம் இறக்கினார். உடனே கண்ணாடியின் மேல்பாதி முகத்துக்கு நேரே வந்துவிட்டது. அது தூரத்துப் பவர். அதில் அம்மன் கலங்கித்தான் தெரிவாள். அக்கா என் பக்கத்தில் நின்று தானும் அதேபோல் தாடையைத் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். பிறகு இஞ்ச் டேப்பை உருவி உள்ளே நீட்டினார். "இந்த நுனிய ஆத்தா மொகத்துகிட்ட பிடிங்க பூசாரிண்ணே. தொடாம. அந்த நுனிய உங்க கண்ணுகிட்ட வைங்க." சாமிக்கும் பூசாரிக்கும் நடுவில் டேப் பிடித்து அளந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பேப்பர் தூரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தது.

கடைக்கு வந்ததும் அக்கா என் மேஜை முன்னால் நின்றார். "தம்பி, அந்த ஜன்னலத் தூக்கி மேல வையி."

"எதுக்குள்ள மேல?"

"கண்ணாடிக்குள்ளதான். கிட்டத்துப் பவர் மேல, தூரத்துப் பவர் கீழ. பவரும் பேப்பர் தூரத்துக்கு வேணாம், கொறச்சுச் சொல்லிருக்கேன்."

"ஏக்கா, பைபோக்கலத் தலகீழா மாட்டச் சொல்றியா?"

"ஆமா."

நான் விட்டேனா? சும்மா திருப்பி மாட்டிவிட முடியாது என்று நீட்டி முழக்கினேன். கிட்டத்தில் பார்க்கும்போது கண் இரண்டும் மூக்குப் பக்கம் கூடும். அதனால் ஜன்னலும் இம்மி மூக்குப் பக்கம் தள்ளித்தான் லென்ஸில் இருக்கும். லென்ஸைத் தலைகீழாகத் திருப்பினால் ஜன்னல் காதுப் பக்கம் போய்விடும். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப வலது கண்ணு லென்ஸ இடது கண்ணுல போடு. இடது கண்ணுத எடுத்து வலதுல போடு. சரியாப் போச்சா?" என்றார். மனசுக்குள் ஒரு தடவை திருப்பிப் பார்த்தேன். சரியாகத்தான் போனது. வாயை மூடிக்கொண்டு வெட்டினேன்.

முதலாளி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அலறினார். "மாப்ள! என்னடா இது, ஜன்னல் நெத்தியில நிக்குது? கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு?" நான் அக்காவைக் கை காட்டினேன். முதலாளி அக்காவைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், பேசாமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

பூசாரிக்கு அதைப் பழக்கிக் காட்டியதுதான் கூத்து. பிரேம் மாட்டி வைக்கிற பிளாஸ்டிக் தலை ஒன்று கடையில் உண்டு. அதை மேல் அலமாரியில் தூக்கி வைத்து, கையில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையைக் கொடுத்து, "இதுக்கு நேராக் கண்ணு வைங்க பூசாரிண்ணே" என்றார் அக்கா. பூசாரி சிரித்துவிட்டார். ஆடி பிறந்ததிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தாடையை லேசாகத் தூக்கினாலே போதும், மேல் ஜன்னலில் அந்தத் தலை தெளிவாக வந்துவிட்டது. முதல் பொட்டு சரியாக உட்கார்ந்தது. இரண்டாவதும் உட்கார்ந்தது. பொட்டு அட்டை தீருகிற வரைக்கும் அவர் வைத்துக்கொண்டே இருந்தார். பாவம், அந்தத் தலைக்கு முகமெல்லாம் கண்.

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். "தாயி, கீழ படி நல்லாத் தெரியுது. நேராப் பாத்தா எதுக்க வார ஆளுகதான் மங்கலாத் தெரியுறாக."

"தெரியட்டும்" என்றார் அக்கா. "உங்களுக்கு ஆளுகளப் பாக்கணுமா, ஆத்தாளப் பாக்கணுமா?"

 அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கோயில் சந்து கொள்ளாத கூட்டம். கண் கோணியதைப் பார்த்துப் பயந்து கும்பிட வந்தவர்களும் உண்டு, இன்றைக்கும் கோணுமா என்று பார்க்க வந்தவர்களும் உண்டு. அந்த இரண்டாவது கூட்டத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கருவறைக்குத் திரை போட்டு உள்ளே அலங்காரம் நடந்தது. கமிட்டிக்காரர்கள் முன்வரிசையில் கை கட்டி நின்றார்கள். தம்பி மகன் குளித்து ஈர வேட்டியோடு ஓர் ஓரமாக நின்றான். நல்ல பையன்தான், அவன் என்ன செய்வான்? அக்கா தடுப்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

நேரம் போனது. வழக்கத்தைவிட ரொம்ப நேரம். "உள்ள என்ன பண்றாரு இம்புட்டு நேரம்?" என்று பின்னால் ஒரு குரல். "முடியலேன்னா விட்டுற வேண்டியதுதானே" என்று இன்னொன்று. அக்கா திரும்பி ஒரு முறை முறைத்தார், பேச்சு நின்றது. ஆனால் உடனே என் பக்கம் குனிந்தார். "பவரு கொஞ்சம் கூடிப்போச்சோடா?" என்று என் காதில் கேட்டார். "அதெல்லாம் இல்லக்கா" என்றேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்? 

மணி அடித்தது. திரை விலகியது.

இரண்டு கண்ணும் நேராக இருந்தன. அவ்வளவு நேராக. நான் நின்ற இடத்திலிருந்து என்னைத்தான் பார்த்தாள், பக்கத்தில் நின்றவரைக் கேட்டால் தன்னைத்தான் பார்த்தாள் என்றிருப்பார். பெண்கள் குலவை போட்டதில் சந்தே அதிர்ந்தது. போன்கள் எல்லாம் மேலே எழும்பின. தம்பி மகன் நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தான். கமிட்டித் தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார், போட்டுக்கொண்டே இருந்தார்.  அக்கா கம்பியை விட்டுவிட்டு மடமடவென்று இரண்டு கன்னத்தையும் துடைத்துக்கொண்டார்.

பூசாரி தீபத் தட்டோடு வெளியே வந்தார். கண்ணாடியில் அங்கங்கே சந்தனம் அப்பியிருந்தது. ஒவ்வொருவராகத் திருநீறு கொடுத்துக்கொண்டு வந்தவர், எங்கள் முன்னால் வந்து தாடையைத் தூக்கி, கீழ்ப்பாதி வழியாக அக்காவின் முகத்தை அடையாளம் கண்டுகொண்டார். கண் இரண்டும் சிவந்திருந்தன. கற்பூரப் புகை என்றுதான் முதலில் நினைத்தேன்.

"தாயி" என்றார். குரல் கூட்டத்தில் எங்களுக்கு மட்டும்தான் கேட்டது. "அபிஷேகம் முடிச்சு, சந்தனம் சாத்துறதுக்கு முந்தி இதப் போட்டுக்கிட்டு அண்ணாந்து பாத்தேன். ஆத்தாளுக்கு மூக்கு தேஞ்சு போச்சு தாயி. ஒதடு எங்கனனு தெரியல. வாலிபத்துல நான் பாத்த மொகம் இல்ல அது."

அக்கா கருவறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"தேச்சது எங் கையிதான். தெனமும் எண்ணெ வச்சு, மஞ்ச வச்சு, அழுத்தி அழுத்தித் தேச்சிருக்கேன். தெனமும் தேச்ச கைக்கு அது தெரியல. நான் பழைய மொகத்தையே நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன். அதான் இன்னைக்கு உள்ள நேரமாயிருச்சு. பாத்துக்கிட்டே நின்னுட்டேன்."

பின்னாலிருந்து நெருக்கினார்கள். பூசாரி அக்காவின் உள்ளங்கையில் திருநீறை வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"இனிமே மெதுவாத் தேய்க்கணும் தாயி" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி, என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். விரல் பட்டதே எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு மெதுவாக.